கோடையில் கடல் கடந்து ஓர் ஆங்கில வகுப்பு

பெரும்பாலும் ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாத நாடு ஒன்றுக்குச் சென்று, நான்கு வாரம் முதல் மூன்று மாதம் வரை தங்கி, அங்குள்ள பிள்ளைகளுக்கோ வேலை பார்ப்பவர்களுக்கோ ஆங்கிலம் சொல்லிக்கொடுப்பதையே குறுகிய கால ஆங்கிலம் கற்பிக்கும் வேலை என்கிறார்கள். இது மூன்று வகையாகக் கிடைக்கிறது. பள்ளி விடுமுறையில் நடக்கும் ஆங்கில முகாம் ஒன்று. தனியார் மொழிப் பயிற்சி நிலையம் இரண்டாவது. சம்பளம் இல்லாத தொண்டுப் பணி மூன்றாவது. தென்கொரியா, ஜப்பான், தாய்லாந்து, வியட்நாம் போன்ற கிழக்காசிய, தென்கிழக்காசிய நாடுகளில் இதற்கான தேவை அதிகம். அங்கெல்லாம் வேலைக்கும் மேற்படிப்புக்கும் ஆங்கிலத் தேர்வு மதிப்பெண் கேட்கப்படுவதால், பெற்றோர் விடுமுறையிலும் பிள்ளைகளை ஆங்கில வகுப்புக்கு அனுப்புகிறார்கள்.

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் பி.ஏ., எம்.ஏ. ஆங்கிலம் முடித்தவர்களுக்கும், பி.எட். முடித்துப் பணிக்குக் காத்திருப்பவர்களுக்கும், தனியார் பள்ளி ஆசிரியர்களுக்கும் இந்த எண்ணம் வருவதில் வியப்பில்லை. பல தனியார் பள்ளிகளில் மே மாதம் சம்பளம் இல்லாத மாதம். அந்தக் கோடை இடைவெளியில் வெளியூர் பார்க்கலாம், அனுபவமும் சேரும், கையில் கொஞ்சம் காசும் மிஞ்சும் என்ற கணக்கு கவர்ச்சியானது. அந்தக் கணக்கு எங்கே பொருந்துகிறது, எங்கே இடிக்கிறது என்பதைப் புறப்படும் முன்பே தெரிந்துகொள்வது நல்லது.

வெளிநாடு புதிதல்ல, வேலைதான் புதிது

பழைய திருச்சிராப்பள்ளி மாவட்டத்திலிருந்து 1995-இல் பெரம்பலூர் பிரிந்தது. பெரம்பலூரிலிருந்து 2001-இல் அரியலூர் பிரிந்து, 2002-இல் மீண்டும் இணைக்கப்பட்டு, 2007-இல் நிலையாகத் தனி மாவட்டமானது. 2011 கணக்கெடுப்பின்படி இரண்டிலும் சேர்ந்து சுமார் 13 லட்சத்து 20 ஆயிரம் பேர். சின்ன வெங்காயம், பருத்தி, மக்காச்சோளம் ஒருபுறம்; சுண்ணாம்புக்கல்லும் சிமென்ட் ஆலைகளும் மறுபுறம். மழை பொய்த்தால் குடும்பத்தில் ஒருவர் வெளியே போய்ச் சம்பாதிப்பது இந்தப் பக்கத்து வழக்கம். லப்பைக்குடிக்காடு, வ.களத்தூர் போன்ற ஊர்களுக்கு வளைகுடா நாடுகள் பல ஆண்டுகளாகப் பழக்கமானவை. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் உறவினர் இருக்கும் வீடுகளும் உண்டு.

ஆனால் அந்தப் பயணங்களின் வழக்கம் இந்த வேலைக்குப் பொருந்தாது. வளைகுடாவுக்குப் போகிறவர் இரண்டு, மூன்று ஆண்டு ஒப்பந்தத்தில் போகிறார். முன்னே போன ஊர்க்காரர் ஒருவர் அங்கே இருப்பார். கம்பெனியே விசா எடுத்துத் தரும். ஆங்கிலம் கற்பிக்கப் போகிறவரோ பெரும்பாலும் தம் ஊரிலிருந்து யாரும் போகாத நகரத்துக்கு, மிகக் குறைந்த காலத்துக்கு, தாமே விசாரித்து ஏற்பாடு செய்துகொண்டு போகிறார். கேட்டுத் தெரிந்துகொள்ள அண்ணனோ மாமாவோ அங்கே இல்லை. ஆகவே ஒவ்வொரு தாளையும் அவரே படித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

நம் கோடையும் அவர்கள் கோடையும்

முதல் தடை நாட்காட்டி. தமிழ்நாட்டில் பள்ளி விடுமுறை ஏப்ரல் கடைசியில் தொடங்கி ஜூன் தொடக்கத்தில் முடிந்துவிடும். கத்தரி வெயில் அடிக்கும் மே மாதம்தான் நம் கோடை. இந்த வேலைக்கு ஆள் தேடும் நாடுகளின் விடுமுறை பெரும்பாலும் அந்த மாதத்தில் வருவதில்லை.

தென்கொரியாவில் கல்வியாண்டு மார்ச்சில் தொடங்குகிறது. கோடை விடுமுறை ஜூலை பிற்பகுதியிலிருந்து ஆகஸ்ட் வரை. ஜப்பானில் ஏப்ரலில் பள்ளி திறந்து, ஜூலை இறுதியில் விடுமுறை விடுகிறார்கள். வியட்நாமில் மே இறுதியில் பள்ளி முடிந்து செப்டம்பரில் திறக்கிறது. ஜூன், ஜூலை, ஆகஸ்ட் அங்கே ஆங்கில வகுப்புகளின் அறுவடைக் காலம். தாய்லாந்தில் நிலைமை நேர்மாறு. அங்கே வெயில் மாதங்களான மார்ச்சும் ஏப்ரலும்தான் விடுமுறை. மே நடுவில் பள்ளி திறந்துவிடும். வளைகுடா நாடுகளில் ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் பள்ளிகள் மூடிக்கிடக்கும். பல குடும்பங்கள் ஊருக்கே வந்துவிடுவதால் அப்போது அங்கே கற்பிக்க ஆள் தேடுவது குறைவு.

இதன் விளைவு எளிமையானது. பணியில் இருக்கும் பள்ளி ஆசிரியர் மே மாதத்தை மட்டும் நம்பி வெளிநாட்டு முகாமில் வேலை தேடினால், வேலை நடக்கும் மாதத்தில் அவருக்கு விடுப்பு இருக்காது. படிப்பை முடித்து, அடுத்த சேர்க்கைக்கோ பணிக்கோ இடையில் நிற்பவர்களுக்குத்தான் ஜூலை, ஆகஸ்ட் மாதங்கள் கைகொடுக்கும். அதிலும் எம்.ஏ., பி.எட். சேர்க்கை நடக்கும் மாதங்களில் ஊரில் இல்லாமல் போனால் ஓராண்டு வீணாகலாம் என்பதையும் சேர்த்தே எண்ண வேண்டும்.

எந்த நாடு யாரை ஏற்கிறது

இரண்டாவது தடை பாஸ்போர்ட். ஒருவர் எவ்வளவு நன்றாக ஆங்கிலம் பேசினாலும், அவர் எந்த நாட்டுக் குடிமகன் என்பதைப் பல நாடுகள் முதலில் பார்க்கின்றன.

தென்கொரியாவில் மொழி ஆசிரியருக்கான ஈ-2 விசா அமெரிக்கா, பிரிட்டன், கனடா, அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா ஆகிய ஏழு நாட்டவருக்கென வகுக்கப்பட்டது. இந்தியருக்கு அதில் ஒரு கதவு திறந்திருக்கிறது. 2010 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ள இந்திய–கொரியப் பொருளாதார ஒப்பந்தத்தின்கீழ், பட்டமும் ஆசிரியர் தகுதிச் சான்றும் உள்ள இந்தியர் ஆங்கில உதவி ஆசிரியராக விண்ணப்பிக்கலாம். பி.எட். படிப்பின் மதிப்பு இங்கே தெரிகிறது. தொண்ணூறு நாளுக்கு உட்பட்ட வேலைக்குக் கொரியாவில் சி-4 என்ற தனி விசா உண்டு. முகாம் நடத்துபவர்கள் இதன்வழி ஆள் எடுத்தாலும் பெரும்பாலும் ஈ-2 தகுதியையே அளவுகோலாக வைக்கிறார்கள்.

சீனாவில் ஆங்கில ஆசிரியர் பணிக்கு ஆங்கிலம் தாய்மொழியான நாட்டவரையே கேட்பது பொது விதி. மேலும் 2021 ஜூலையில் சீன அரசு பள்ளிப் பாடங்களுக்கான லாப நோக்கு டியூஷனைக் கட்டுப்படுத்தி, விடுமுறை நாட்களில் அத்தகைய வகுப்பு நடத்துவதையே தடுத்தது. அதற்கு முன் வெளியான பழைய விளம்பரங்களை நம்பி இன்று சீனாவுக்குத் திட்டமிடுவது வீண்.

வெளிநாட்டவரைப் பள்ளிகளில் மொழி உதவி ஆசிரியராக அமர்த்த ஜப்பானில் 1987 முதல் நடக்கும் ஜெட் திட்டம் உலகறிந்தது. ஆனால் அது ஓராண்டு ஒப்பந்தம். கோடை வேலை ஆகாது. தாய்லாந்தும் வியட்நாமும் இந்தியரைச் சட்டப்படி ஏற்கின்றன. பட்டம், ஆங்கிலம் கற்பிக்கும் சான்றிதழ், குற்றப் பின்னணி இல்லை என்ற போலீஸ் சான்று ஆகியவை பொதுவாகக் கேட்கப்படும். ஆங்கிலம் தாய்மொழி அல்லாதவர்களிடம் தாய்லாந்துப் பள்ளிகள் டோயிக் என்ற ஆங்கிலத் திறன் தேர்வில் 600 மதிப்பெண் கேட்பது வழக்கம். மாலத்தீவில் இந்திய ஆசிரியர்கள் பல பத்தாண்டுகளாகப் பணியாற்றுகிறார்கள், பி.எட். முடித்தவர்களுக்கு அது நல்ல வழி. ஆனால் அதுவும் ஓராண்டு, ஈராண்டு வேலையே.

பிரிட்டனும் ஆஸ்திரேலியாவும் அண்மையில் திறந்த இரண்டு வழிகள் பலருக்குத் தெரிவதில்லை. 18 முதல் 30 வயது வரையுள்ள இந்தியப் பட்டதாரிகள் ஈராண்டு பிரிட்டனில் தங்கி வேலை பார்க்க உதவும் இளம் தொழில்முறையாளர் திட்டம் 2023-இல் தொடங்கியது. அதே வயதினருக்கு ஆண்டுக்கு 1,000 இடம் தரும் விடுமுறை வேலை விசாவை ஆஸ்திரேலியா 2024-இல் தொடங்கியது. இரண்டிலும் குலுக்கல் முறையில்தான் இடம் கிடைக்கும். கையில் காட்டச் சேமிப்பும் வேண்டும். விசா கிடைத்தவர் அங்குள்ள மொழிப் பள்ளிகளின் கோடை வகுப்புகளுக்கு முறைப்படி விண்ணப்பிக்கலாம்.

சுற்றுலா விசாவில் வகுப்பெடுப்பது

இந்த வேலையில் அடிக்கடி நடக்கும் தவறு இதுதான். சுற்றுலாவாகப் போவது சுலபம், அங்கே போய் வேலையைத் தொடங்கிக்கொள்ளலாம், ஓர் எல்லையைத் தாண்டித் திரும்பி வந்தால் விசா புதுப்பிக்கப்படும் என்று சொல்பவர்கள் உண்டு. தாய்லாந்தில் வேலை பார்க்க ‘பி’ வகை விசாவும், அதன்மேல் தனியாக வேலை அனுமதியும் வேண்டும். அவை இல்லாமல் வகுப்பெடுத்தால் அபராதம் விதித்து நாடு கடத்தலாம். நாடு கடத்தப்பட்ட பதிவு பாஸ்போர்ட்டோடு ஒட்டிக்கொண்டு, பிற்பாடு வேறு நாட்டுக்கு விண்ணப்பிக்கும்போதும் குறுக்கே நிற்கும்.

உறவினர் வீட்டில் தங்கி டியூஷன் எடுப்பதும் இதே வகைதான். சிங்கப்பூரில் விசிட் பாஸில் வந்தவர், அக்கா வீட்டு அடுக்ககத்தில் நான்கு பிள்ளைகளைச் சேர்த்துக் காசு வாங்கிக்கொண்டு பாடம் சொன்னால், அனுமதியின்றி வேலை செய்த குற்றம் அவர்மேல் வரும். இடம் கொடுத்த குடும்பத்துக்கும் சிக்கல் வரும். ஐக்கிய அரபு அமீரகத்தில் அனுமதியின்றித் தனி டியூஷன் எடுப்பது சட்டவிரோதமாகவே இருந்தது. 2023 டிசம்பரில் அங்கே டியூஷனுக்கென்றே தனி அனுமதி கொண்டுவரப்பட்டது. அங்கே வசிப்பவர்களுக்கு அது உதவும். விசிட் விசாவில் இரண்டு மாதம் வந்துபோகிறவருக்கு உதவாது.

வேலை தருபவர் விசாவைப் பற்றி என்ன சொல்கிறார் என்பதே அவரை எடைபோடும் முதல் கல். முறையான நிறுவனம் வேலைக் கடிதத்தை முன்னதாக அனுப்பி, அதைக் காட்டித் தூதரகத்தில் விசா எடுத்துவரச் சொல்லும். முதலில் வந்துவிடுங்கள், மற்றதைப் பிறகு பார்க்கலாம் என்பவரிடம் போகாமல் இருப்பதே பாதுகாப்பு.

சான்றிதழ் போகும் வழி

அரியலூரில் படித்த ஒருவரின் பட்டச் சான்றிதழை வெளிநாட்டுப் பள்ளி அப்படியே ஏற்றுக்கொள்ளாது. அது சில கைகள் மாறியாக வேண்டும். பாரதிதாசன் பல்கலைக்கழகம் வழங்கிய பட்டமானால், முதலில் திருச்சி பல்கலைப்பேரூரில் உண்மைத்தன்மைச் சான்று வாங்க வேண்டும். அடுத்து சென்னைத் தலைமைச் செயலகத்தில் உயர்கல்வித் துறையின் சான்றொப்பம். அதன்பின் வெளியுறவு அமைச்சகத்தின் முத்திரை. இந்தியா 2005-இல் சேர்ந்த ஹேக் உடன்படிக்கையில் உள்ள நாடுகளுக்கு அப்போஸ்டில் என்ற அந்த ஒரே முத்திரை போதும். கொரியாவும் ஜப்பானும் அந்தப் பட்டியலில் உள்ளவை. பட்டியலில் இல்லாத நாடுகளுக்கு அந்நாட்டுத் தூதரகத்தின் ஒப்புதலும் சேர்த்து வேண்டும்.

போலீஸ் சான்றுக்கு பாஸ்போர்ட் சேவை தளத்திலேயே விண்ணப்பிக்கலாம். இரு மாவட்டங்களும் திருச்சி மண்டல பாஸ்போர்ட் அலுவலகத்தின்கீழ் வருகின்றன. சாதாரண பாஸ்போர்ட்டுக்கு 1,500 ரூபாய், போலீஸ் சான்றுக்கு 500 ரூபாய், அப்போஸ்டில் முத்திரைக்கு ஓர் ஆவணத்துக்கு 50 ரூபாய் என்பவை அரசுக் கட்டணங்கள். இடையில் நிற்கும் ஏஜென்சிகள் இவற்றைப் பல மடங்காக்கிச் சொல்வதால் இந்தத் தொகைகளைத் தெரிந்து வைத்திருப்பது பயன் தரும். பாஸ்போர்ட்டில் உள்ள பெயரும் சான்றிதழில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். நம் ஊரில் தகப்பனார் பெயர் தலைப்பெழுத்தாக ஓரிடத்திலும் முழுப்பெயராக இன்னோரிடத்திலும் இருப்பது சாதாரணம். வெளிநாட்டு அலுவலருக்கு அவை இரண்டு வேறு ஆட்களின் பெயர்களாகத் தெரியும்.

கற்பிக்கும் சான்றிதழிலும் தரம் பார்க்க வேண்டும். டெஃபல், டெசால் என்ற பெயரில் இணையத்தில் விற்கப்படும் 120 மணிநேரப் படிப்புகளுக்குப் பொதுவான கட்டுப்பாட்டு அமைப்பு எதுவும் இல்லை. கேம்பிரிட்ஜின் செல்டா படிப்பும் 120 மணிநேரம்தான். ஆனால் அதில் ஆறு மணிநேரம் உண்மையான மாணவர்கள் முன் நின்று, பயிற்றுநர் பார்த்துத் திருத்த, வகுப்பெடுக்க வேண்டும். அதன் மதிப்பு அந்த ஆறு மணிநேரத்தில் இருக்கிறது. இந்தியாவில் ஹைதராபாத் ஆங்கிலம் மற்றும் அயல்மொழிகள் பல்கலைக்கழகமும் ஆங்கிலம் கற்பித்தலில் முதுநிலைச் சான்றிதழ்ப் படிப்பு நடத்துகிறது.

வரவும் செலவும்

சம்பளத்தை நாணய மாற்று விகிதத்தில் பெருக்கிப் பார்ப்பதோடு பலரும் நின்றுவிடுகிறார்கள். கணக்குக்காக ஒரு தாய்லாந்து வேலையை எடுத்துக்கொள்ளலாம். மாதம் 25,000 பாட் சம்பளம், ஒரு பாட் இரண்டரை ரூபாய் என்று வைத்தால் மாதம் 62,500 ரூபாய். இரண்டு மாதத்துக்கு 1,25,000 ரூபாய். இதிலிருந்து போகவர விமானச் சீட்டு, விசா கட்டணம், சான்றிதழ்ச் செலவு, ஆங்கிலத் தேர்வுக் கட்டணம், மருத்துவக் காப்பீடு ஆகியவற்றைக் கழிக்க வேண்டும். அறை வாடகைக்கு முன்பணமாக இரண்டு மாதத் தொகையை வைத்துக்கொள்வது அங்கே வழக்கம். முதல் சம்பளம் மாதக் கடைசியில்தான் வரும். அதுவரை சாப்பாட்டுக்கும் பேருந்துக்கும் கைப்பணம் வேண்டும். எல்லாம் போக மிஞ்சுவது சொற்பம். ஓராண்டு தங்கினால் இதே தொடக்கச் செலவு பன்னிரண்டு மாதத்தில் பரவி ஒன்றுமில்லாமல் போகும். இரண்டு மாதத்தில் அதுவே சம்பளத்தின் பெரும்பகுதியை விழுங்கிவிடும்.

ஆகவே நகையை அடகு வைத்தோ வட்டிக்கு வாங்கியோ இந்தப் பயணத்துக்குப் போகக் கூடாது. வளைகுடாவுக்கு அப்படிப் போனவர்கள் இரண்டு, மூன்று ஆண்டு உழைத்துக் கடனை அடைத்தார்கள். இரண்டு மாத வேலைக்கு அந்த வலு இல்லை. தங்குமிடமும் உணவும் தந்து, விமானச் சீட்டையும் ஏற்கும் முகாம்களே குறுகிய காலத்துக்குக் கட்டுப்படியாகும்.

ஒப்பந்தத் தாளில் சில வரிகளைத் தேடிப் படிக்க வேண்டும். வாரத்தில் எத்தனை மணிநேரம் வகுப்பு, வகுப்பு இல்லாத நேரத்தில் பிள்ளைகளைக் கவனிக்கும் பொறுப்பு உண்டா, தங்குமிடம் தனியறையா, பெண்களுக்குத் தனிப் பகுதி உண்டா, நோய் வந்தால் யார் செலவு, இடையில் நின்றால் திரும்பும் சீட்டு யார் பொறுப்பு என்பவை எழுத்தில் இருக்க வேண்டும். எந்த நாட்டிலும் பாஸ்போர்ட்டை முதலாளியிடம் ஒப்படைக்க வேண்டியதில்லை. இந்திய வருமான வரிச் சட்டப்படி ஆண்டில் 182 நாளோ அதற்கு மேலோ இந்தியாவில் இருப்பவருக்கு வெளிநாட்டில் ஈட்டிய வருமானமும் இங்கே கணக்கில் வரும்.

ஏஜென்ட், பதிவு, மோசடி

வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்புபவர் 1983-ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டத்தின்கீழ் வெளியுறவு அமைச்சகத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு பெற்றவர்களின் பட்டியல் இ-மைக்ரேட் தளத்தில் இருக்கிறது. ஊர் பெயரைக் கொண்டே தேடிப் பார்க்கலாம். அவர்கள் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்தின் உச்சவரம்பு 30,000 ரூபாயும் அதன்மீது ஜி.எஸ்.டி.யும்தான். தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் 1978 முதல் சென்னையில் இயங்குகிறது. அயலகத் தமிழர் நலனுக்கெனத் தனித் துறையும் உள்ளது. சந்தேகம் வந்தால் முதலில் கேட்க வேண்டிய இடங்கள் இவை.

பட்டதாரிகளுக்கு இங்கே ஒரு நுட்பமான ஆபத்து உண்டு. பத்தாம் வகுப்பு தேறாதவரின் பாஸ்போர்ட்டில் குடியேற்ற அனுமதி தேவை என்ற குறிப்பு இருக்கும். அவர் வளைகுடா, மலேசியா, தாய்லாந்து உள்ளிட்ட குறிப்பிட்ட நாடுகளுக்கு வேலைக்குப் போகும்போது அவருடைய ஒப்பந்தத்தை அரசு ஒருமுறை பார்க்கிறது. படித்தவருக்கு அந்த அனுமதி தேவையில்லை. அதனாலேயே அவருடைய ஒப்பந்தத்தை யாரும் பார்ப்பதில்லை. படிப்பு தந்த இந்தச் சுதந்திரத்தில், சரிபார்க்கும் பொறுப்பு முழுவதும் அவர் தலையில் விழுகிறது.

2022-இல் நடந்தது இதற்குச் சான்று. தாய்லாந்தில் கணினி வேலை என்று சொல்லி அழைத்துச் செல்லப்பட்ட தமிழ் இளைஞர்கள் எல்லை தாண்டி மியான்மரின் மியாவாடி பகுதிக்குக் கடத்தப்பட்டு, இணைய மோசடிக் கும்பல்களிடம் சிக்கினார்கள். அரசுகளின் முயற்சியால் ஒரு பகுதியினர் அந்த ஆண்டே மீட்டுக் கொண்டுவரப்பட்டார்கள். சிக்கியவர்கள் படித்தவர்கள், ஆங்கிலம் தெரிந்தவர்கள். கம்போடியாவிலும் லாவோஸிலும் இதே வகை மோசடி நடக்கிறது. வகுப்பு எடுத்துக் காட்டச் சொல்லாமல், சான்றிதழ் கேட்காமல், வாட்ஸ்அப்பிலேயே பேசி முடித்து விமானச் சீட்டு அனுப்பும் ஆசிரியர் வேலை உலகில் எங்கும் இல்லை. பள்ளியின் பெயர், முகவரி, தொலைபேசி எண் ஆகியவற்றைத் தனியே தேடி, நேரடியாக அழைத்து உறுதி செய்வதற்கு அரை மணிநேரம்கூட ஆகாது.

தொண்டுப் பணி

மாணவர்கள் நடத்தும் ஐசெக் போன்ற உலக அமைப்புகள் ஆறு முதல் எட்டு வாரத் தொண்டுப் பணிகளை ஏற்பாடு செய்கின்றன. அவற்றில் ஆங்கிலம் சொல்லிக்கொடுப்பதும் ஒன்று. இதில் சம்பளம் இல்லை. கட்டணமும் பயணச் செலவும் போகிறவருடையவை. சம்பளம் இல்லை என்பதால் விசா விதியிலிருந்து விலக்கு உண்டு என்று எண்ணக் கூடாது. பல நாடுகளில் தொண்டுப் பணிக்கும் அனுமதி தேவை.

தொண்டு செய்யும் இடத்தையும் ஆராய வேண்டும். கம்போடியாவிலும் நேபாளத்திலும் வெளிநாட்டுத் தொண்டர்களின் பணத்தை நம்பியே ஆதரவற்றோர் இல்லங்கள் பெருகின. பெற்றோர் உயிரோடு இருக்கும் பிள்ளைகளும் அங்கே சேர்க்கப்பட்டது தெரியவந்தபின், குழந்தை நல அமைப்புகள் அத்தகைய இல்லங்களுக்குத் தொண்டர்கள் போவதை எதிர்க்கின்றன. வாரத்துக்கு ஒரு புது முகம் வந்து பாடம் சொல்லி, அன்பு காட்டி, போய்விடுவது பிள்ளைகளின் மனத்தைக் காயப்படுத்தும். நிலையான ஆசிரியர் உள்ள பள்ளியில் அவருக்கு உதவியாளராக இருப்பதே நல்ல தொண்டு.

தமிழர் கற்பிக்கும் ஆங்கிலம்

தடைகள் இத்தனை இருந்தும், பெரம்பலூர்ப் பட்டதாரிக்கு இந்த வேலைக்கான உள்ளார்ந்த தகுதி இருக்கிறது. ஆங்கிலத்தை அவர் தாய்ப்பாலோடு பெறவில்லை, உழைத்துக் கற்றார். கற்பவர் எங்கே தடுக்கி விழுவார் என்பது அவருக்குத் தெரியும். கிழக்காசிய வகுப்பறையில் அந்த அறிவு கண்கூடாகப் பயன்படும்.

தமிழில் வல்லினமெய் சொல்லின் இறுதியில் நிற்காது, ஓர் உகரம் துணைக்கு வரும் என்பதைப் பள்ளி இலக்கணத்தில் எல்லோரும் படித்திருக்கிறார்கள். லைட் என்பதை ‘லைட்டு’ என்றும், பஸ் என்பதை ‘பஸ்ஸு’ என்றும் சொல்ல வைப்பது அந்தப் பழக்கம். ஜப்பானியப் பிள்ளையும் ‘பஸு’ என்றுதான் சொல்லும். ஃப ஒலி தமிழில் இல்லாததால் நாம் ‘காப்பி’ குடிக்கிறோம். கொரிய மொழியிலும் அந்த ஒலி இல்லாததால் அவர்கள் குடிப்பது ‘கொப்பி’. கீழுதட்டை மேற்பல்லில் மெல்லப் பதித்துக் காற்றை விட வேண்டும் என்று ஒருநாள் யாரோ தமக்குச் சொல்லிக்கொடுத்ததை நினைவில் வைத்திருக்கும் ஆசிரியர், அதே பாடத்தைச் சியோல் பிள்ளைக்குப் பொறுமையாகச் சொல்வார்.

இலக்கணத்திலும் இதே உறவு உண்டு. தமிழைப் போலவே கொரிய, ஜப்பானிய மொழிகளில் வினைச்சொல் வாக்கியக் கடைசியில் வரும். மேசைமேல் என்பதில் ‘மேல்’ பெயருக்குப் பின்னால் வருவதுபோல் அவர்களுக்கும் பின்னால்தான் வரும். ஆங்கிலத்தில் அது முன்னால் தாவுவதுதான் அவர்களைக் குழப்புகிறது. ‘பத்து மாம்பழம்’ என்று தமிழில் சொன்னால் பிழையில்லை. நன்னூல் இதைப் பால்பகா அஃறிணைப் பெயர் என்கிறது. ஜப்பானியப் பிள்ளை ஆங்கிலப் பன்மை விகுதியை விட்டுவிடும்போது, அது கவனக்குறைவு அல்ல, தாய்மொழியின் இயல்பு என்பதைத் தமிழாசிரியர் ஒருநொடியில் உணர்வார். வியட்நாமியர் சொல்லின் கடைசி மெய்யொலியை விழுங்கிவிடுவார்கள். தாய்லாந்துக்காரர் இறுதி ல்-ஐ ன் ஆக்குவார்கள். இந்தப் பிழைகளைப் போகும் முன்பே படித்து வைத்திருப்பவர் முதல் நாளே பயனுள்ள வகுப்பெடுப்பார்.

வகுப்புக்கான சரக்கும் சொந்த ஊரிலேயே இருக்கிறது. சாத்தனூரில் கிடக்கும் கல்மரம், அரியலூர்ச் சுண்ணாம்புச் சுரங்கங்களில் கிடைக்கும் சுருள்சுருளான அம்மோனைட் படிவங்கள், வாரணவாசி அருங்காட்சியகம் ஆகியவற்றின் படங்களைக் காட்டி, இன்று வெங்காயம் விளையும் மண் ஒருகாலத்தில் கடலடியாக இருந்தது என்று எளிய ஆங்கிலத்தில் சொன்னால், பத்து வயதுப் பிள்ளைகள் தாமாகவே கேள்வி கேட்பார்கள். கேள்வி கேட்க வைப்பதே மொழி வகுப்பின் பாதி வேலை.

தயாராகும் காலம்

ஜூலை மாத முகாமுக்குப் போக நினைப்பவர் முந்தைய ஆண்டே தொடங்க வேண்டும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை கற்பிக்கும் சான்றிதழும் ஆங்கிலத் தேர்வும். ஜனவரியில் பல்கலைக்கழகம், தலைமைச் செயலகம், அப்போஸ்டில். பிப்ரவரி, மார்ச் மாதங்களில் விண்ணப்பமும் நேர்காணலும். ஏப்ரல், மே மாதங்களில் போலீஸ் சான்றும் விசாவும். போலீஸ் சான்று பழையதானால் ஏற்க மாட்டார்கள் என்பதால் அதைக் கடைசியில் எடுப்பது நல்லது. பாஸ்போர்ட் குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாக இருக்க வேண்டும். சிங்கப்பூர், கோலாலம்பூர் வழியாகத் திருச்சியிலிருந்தே புறப்படலாம்; பெரம்பலூரிலிருந்து ஒரு மணிநேரப் பயணத்தில் விமான நிலையம்.

அனுபவம் இல்லை என்பவர் அதை ஊரிலேயே ஈட்டலாம். 2021-இல் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில் மாலை நேரம் பாடம் சொன்னவர்கள் இரு மாவட்டக் கிராமங்களிலும் இருக்கிறார்கள். அது விண்ணப்பத்தில் எழுதத்தக்க உண்மையான அனுபவம். இணைய வழியில் கற்பிப்பது இன்னொரு படி. கொரியாவும் ஜப்பானும் நமக்கு மூன்றரை மணிநேரம் முந்தியவை என்பதால், அங்கே மாலை ஆறு மணி வகுப்பு இங்கே பிற்பகல் இரண்டரை. வீட்டில் இருந்தபடி ஓராண்டு இப்படிக் கற்பித்தவருக்கு அந்நாட்டுப் பிள்ளைகளின் பேச்சும் பழக்கமும் தெரிந்துவிடும். பிறகு நேரில் போவது எளிது.

வேலை முடிந்து திரும்பும்போது கையில் இருக்க வேண்டியவை மூன்று: எத்தனை வாரம், எந்த வயதினருக்கு, எத்தனை மணிநேரம் கற்பித்தார் என்று தலைமை ஆசிரியர் கையெழுத்திட்ட அனுபவச் சான்று, சம்பள ரசீதுகள், முறைப்படி நுழைந்து முறைப்படி வெளியேறிய முத்திரைகள் உள்ள பாஸ்போர்ட். இவை இருந்தால் அடுத்த ஆண்டு மாலத்தீவுக்கோ கொரியாவுக்கோ ஓராண்டு வேலைக்கு விண்ணப்பிக்கும்போது அந்தச் சில வாரங்கள் அவருக்காகப் பேசும்.